பாசிர் ரிஸ் கரையின் நீளம்

கதிர், உன் பெட்டியை இன்று காலை அப்பா வீட்டுத் தராசில் மூன்று முறை எடை போட்டார். மூன்று முறையும் வேறு வேறு எடை காட்டியது. சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்த மனுஷன், கடைசியில் பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, "சரியாத்தான் இருக்கு" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நீ நார்வேக்குப் புறப்படுகிறாய். வழியனுப்ப வரும்போது குளிர்ச் சட்டை, ஊறுகாய்ப் பாட்டில், கடவுச்சீட்டு என்றுதான் பேச்சு போகும். நான் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பதினைந்து வருடத்துக்கு மேலாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அது விமான நிலையத்தில் நின்றுகொண்டு சொல்கிற மாதிரியானது இல்லை. அதனால் எழுதுகிறேன். எனக்குக் கோடு போட்டுத்தான் பழக்கம், கடிதம் எழுதிப் பழக்கமில்லை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அது ஒவ்வொரு வரியிலும் குறுக்கே வந்து நிற்கும். போன வாரம் லிஃப்டில் எட்டாம் மாடி அம்மா கேட்டார், "பையன் டாக்டர் ஆயிட்டானாமே, எந்த ஆஸ்பத்திரி?" என்று. "ஆஸ்பத்திரி இல்ல லா, அவன் கோட்டுக்கு டாக்டர்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. லிஃப்ட் எட்டாவது மாடியில் நின்றும் அவரை இறங்கவிடாமல் கதவைப் பிடித்துக்கொண்டு விளக்கினேன். நெளிநெளியான கடற்கரையில் அலை மோதும்போது அந்த நெளிவு எப்படி அலையின் வேகத்தைத் தின்கிறது, அதைக் கணக்காக எழுத முடியுமா என்று பார்க்கத்தான் என் மகனை நார்வேயில் இரண்டு வருடத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். லிஃப்ட் கத்த ஆரம்பித்துவிட்டது. நான் விடவில்லை. இவ்வளவு பேசுகிறவள் நீ சின்னப் பையனாக இருந்தபோது உன்னிடம் என்ன பேசினேன் என்பதுதான் இந்தக் கடிதம்.

நீ உயர்நிலை ஒன்றாம் வகுப்பில் படித்த வருடம். நான் அப்போதும் இதே நில அளவை அலுவலகத்தில்தான் இருந்தேன். லிட்டில் இந்தியாவில், பூக்கடைக்கு மேலே, மாடியில். விமானத்திலிருந்து எடுத்த படங்களைத் திரையில் போட்டு, எதுவரை நிலம், எங்கே தண்ணீர் என்று பார்த்து, அந்த ஓரத்தில் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போவது என் வேலை. புள்ளிகளைக் கணினி கோடாகச் சேர்க்கும், கோட்டின் நீளத்தையும் அதுவே சொல்லும். புள்ளிகளை எவ்வளவு நெருக்கமாக வைப்பது என்பது அவரவர் கைப்பழக்கம். யாரும் எங்களுக்கு விதி சொல்லவில்லை. அந்த வருடம் பாசிர் ரிஸ் பக்கம் ஒரு சதுப்புநிலக் கரையை வரையும் வேலை வந்தது. பக்கத்தில் கட்டுமானம் நடக்கப் போகிறது, சேறு கடலில் கலக்காமலிருக்க மிதவைத் தடுப்பு போட வேண்டும், அதற்குக் கரையின் நீளம் தேவை. சரிபார்ப்பதற்காக ஒரே கரையை இரண்டு பேர் தனித்தனியாக வரைவோம். நானும் சலீமும் வரைந்தோம். சலீமை உனக்குத் தெரியும், தீபாவளிக்கு வீட்டுக்கு வருவானே, அவன்தான்.

எனக்கு வந்தது மூவாயிரத்து நானூற்றைம்பது மீட்டர். சலீமுக்கு வந்தது இரண்டாயிரத்து நூற்றைம்பது.

முதலாளி இரண்டு தாளையும் மேசையில் அருகருகே விரித்து வைத்துக்கொண்டு எங்களைக் கூப்பிட்டார். "ஒரே கரை. எப்படிம்மா ரெண்டு நீளம் இருக்கும்?" என்றார். "நான் பாத்தத அப்படியே வரைஞ்சேன் சார்" என்று மட்டும் சொன்னேன். மரவேர் ஒவ்வொன்றையும் சுற்றி, தண்ணீர் உள்ளே நுழைகிற சின்னச் சின்ன ஓடை ஒவ்வொன்றிலும் போய்த் திரும்பி, ஐந்தைந்து மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து வரைந்திருந்தேன். மூன்று நாள் வேலை. சலீம் பெரிய வளைவுகளை மட்டும் எடுத்து ஒரே நாளில் முடித்திருந்தான். முதலாளி சலீமின் எண்ணை அனுப்பினார். மிதவை வந்தது, போட்டார்கள், கச்சிதமாகப் பொருந்தியது. அத்தோடு என் எண் தப்பு என்று முடிவாகிவிட்டது. கொஞ்ச நாள் கழித்து என் கோப்பில் வைப்பதற்கு ஒரு கடிதம் தயார் செய்தார்கள். கவனக்குறைவால் பெரிய அளவுப் பிழை ஏற்பட்டது, இனி நடக்காது என்று நான் ஒப்புக்கொள்கிற மாதிரி. நான் கவனக்குறைவாக இருக்கவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதை எப்படி நிரூபிப்பது என்று தெரியவில்லை. கையெழுத்துப் போட்டேன். கதிர், அந்தக் கடிதத்தைப் பற்றி அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை. வீட்டில் நீதான் முதலில் தெரிந்துகொள்கிறாய்.

கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலம் ஆறு மணிக்குச் செங்காங் வந்து வீட்டுக் கதவைத் திறக்கிறேன். நீ பள்ளி உடற்பயிற்சிச் சட்டையைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு மேசை முழுக்க ஒரு பெரிய தாளை விரித்து வைத்திருக்கிறாய். அது என் தாள். நான் வரைந்த பாசிர் ரிஸ் கரை. குப்பைக்குப் போக இருந்ததை, பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது, நீ ஏதாவது வரைவாய் என்று சில வாரம் முன்புதான் சுருட்டிக்கொண்டு வந்திருந்தேன். நீ பின்பக்கத்தை விட்டுவிட்டு முன்பக்கத்தை எடுத்துக்கொண்டாய். பள்ளியில் ஏதோ ஒரு நீளத்தை அளந்து அறிக்கை எழுதச் சொல்லியிருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் திடலையும் நடைபாதையையும் அளக்க, நீ காம்பஸை விரித்து என் கரைமேல் அடி அடியாக நடத்திக்கொண்டிருந்தாய்.

"அம்மா, இங்க வாங்களேன். காம்பஸ பெருசா விரிச்சா கரை சின்னதா வருது. சின்னதா விரிச்சா கரை பெருசா ஆயிட்டே போகுது!"

"தப்பா அளந்திருப்ப."

"இல்லமா, ஒவ்வொண்ணையும் ரெண்டு ரெண்டு தடவ பாத்துட்டேன்."

நோட்டைக் காட்டினாய். பட்டியல் போட்டிருந்தாய். காம்பஸை நாலு சென்டிமீட்டர் விரித்தபோது ஆயிரத்து எழுநூற்று இருபது மீட்டர். இரண்டு சென்டிமீட்டருக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது. ஒன்றுக்கு இரண்டாயிரத்து இருநூற்று முப்பது. அரைக்கு இரண்டாயிரத்து ஐந்நூற்று நாற்பது. எண்கள் எனக்கு மனப்பாடமாகவே தெரியும். அன்றைக்கு அந்தப் பட்டியலைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. முதலாளி என்னிடம் கேட்ட அதே கேள்வி, என் சொந்த மேசையில், என் பிள்ளையின் கையெழுத்தில்.

"கரை ஒண்ணுதானே? அப்ப நீளமும் ஒண்ணுதான். நாலு எழுதினா டீச்சர் சிரிப்பாங்க. ஏதாவது ஒண்ண எழுது" என்றேன்.

"எத எழுதறது? எல்லாமே சரியா இருக்கேமா."

நான் கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். உன் பட்டியலுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டேன். அடியில் 2,150 மீட்டர் என்று எழுதினேன். சலீமின் எண். நீ உன் எண்களின்மேல் ஒரு முறை விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இந்த நம்பர் எங்கேர்ந்து வந்துச்சு? நான் அளந்ததுல இது இல்லையே" என்று கேட்டாய். நான் உடை மாற்றப் போய்விட்டேன்.

அந்த அறிக்கைக்கு உனக்கு ஏ கிடைத்தது. சுத்தமாக, தெளிவாக இருக்கிறது என்று ஆசிரியர் எழுதியிருந்தார். நீ அதைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்து, "அம்மா, உங்களுக்கு ஏ கிடைச்சிருக்கு" என்றாய். குரலில் கோபம் இல்லை. கிண்டலும் இல்லை. அதற்குப் பிறகு உன் நோட்டுகள் உன் அறையிலேயே இருந்தன. நான் எட்டிப் பார்த்து என்ன எழுதுகிறாய் என்று கேட்டால், "ஒண்ணுமில்லமா" என்பாய். வளர்கிற பிள்ளைகள் இப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும்.

பிறகு நீ பாலிடெக்னிக் முதல் வருடம். ஒரு நாள் அப்பா காலை வேலை முடிந்து மத்தியானம் வந்து உட்கார்ந்திருக்கிறார். நான் அடுப்படியில் சம்பல் கிளறிக்கொண்டிருக்கிறேன். நீ ஒரு தாளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாய். என் முன்னால் இல்லை, அவர் முன்னால். ஒரு முக்கோணம். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று சமத் துண்டாகப் பிரித்து, நடுத் துண்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு குட்டி முக்கோணத்தின் இரண்டு பக்கங்களை வெளியே துருத்திக்கொண்டு நிற்கிற மாதிரி வரைந்திருந்தாய். கிடைத்த ஒவ்வொரு சின்னப் பக்கத்திலும் மறுபடியும் அதையே செய்திருந்தாய். மறுபடியும். பனிப்பூ மாதிரி ஆகிவிட்டிருந்தது.

"அப்பா, இத இப்படியே செஞ்சுக்கிட்டே போனா ஓரத்தோட நீளத்துக்கு முடிவே கிடையாது. ஆனா மொத்தப் படமும் இந்தத் தாளத் தாண்டி வெளியே போகாது. உள்ள இருக்கிற இடமும் ஒரு அளவுக்கு மேல வளராது."

அப்பா சாமான் கட்டியே வாழ்க்கை ஓட்டியவர் அல்லவா, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதாவது, பொருள் பெட்டிக்குள்ள அடங்கிடும். ஆனா அதோட ஓரம் பூராவும் டேப் ஒட்டணும்னா உலகத்துல இருக்கிற டேப் பத்தாது. அதுதானே?" என்றார்.

"அதேதான்பா!" என்று நீ கத்தியது எனக்கு இன்னும் கேட்கிறது. எத்தனையோ வருடம் கழித்து உன் குரலில் அந்தச் சந்தோஷத்தைக் கேட்டேன். நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். கோடு வரைவது என் தொழில். அந்த வீட்டில் அந்தப் படத்தைக் காட்ட வேண்டிய ஆள் நான்தான். நீ என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடாததற்குக் காரணமும் நான்தான்.

மறுநாள் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் நான் ஒன்று செய்தேன், இதுவும் உனக்குத் தெரியாது. கணினியில் தொண்ணூறு மில்லிமீட்டர் பக்கம் வைத்து ஒரு முக்கோணம் போட்டேன். சுற்றளவு இருநூற்று எழுபது. நீ செய்ததை ஒரு சுற்றுச் செய்தேன். முந்நூற்று அறுபது. இன்னொரு சுற்று. நானூற்று எண்பது. இன்னொன்று. அறுநூற்று நாற்பது. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று துண்டு இருந்த இடத்தில் அதே அளவில் நாலு துண்டு வருகிறது, அதனால் நீளம் ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்கு கூடிக்கொண்டே போகிறது, நிற்கவே நிற்காது. பரப்பளவையும் பார்த்தேன். அது முதலில் வேகமாகக் கூடி, பிறகு தயங்கி, முதல் முக்கோணத்தைப் போல ஒன்று புள்ளி ஆறு மடங்குக்குப் பக்கத்தில் போய் அதைத் தொடாமலே ஊர்ந்தது. ஒரு மூலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முழு ஓரத்தில் என்ன இருந்ததோ அதுவே அந்த மூலையிலும் இருந்தது. நேரான இடம் என்று ஒன்று தேடினேன். அடுத்த சுற்றில் அதுவும் உடைந்தது. சலீம் பின்னால் வந்து நின்று, "என்னக்கா, கிறிஸ்துமஸ் கார்டா?" என்றான்.

"சலீம், இதோட ஓரம் எவ்வளவு நீளம்னு சொல்லு" என்றேன்.

"எந்தச் சுத்துலன்னு சொன்னாத்தானே சொல்ல முடியும்?"

அவன் சும்மாதான் சொன்னான். ஆனால் அதுதான் பதில். எந்த அளவுவரை போய்ப் பார்க்கிறோம் என்று சொல்லாமல் நீளத்தைச் சொல்லவே முடியாது. நான் சிவப்புக் கோடு போட்ட உன் பட்டியல் அப்படியே கண்முன் வந்தது. சலீமின் எண் உன் பட்டியலில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் உட்கார்கிறது. என் எண் நாலாவதுக்குக் கீழே, காம்பஸ் முள்ளால் போக முடியாத இடத்தில் வருகிறது. எல்லாம் ஒரே வரிசை. முதலாளியிடம் நான் சொல்லத் தெரியாமல் நின்ற பதிலை, பதிமூன்று வயதில் நீ எழுதி, மேசையில் வைத்து, "இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டுக் காட்டியிருக்கிறாய். நான்தான் அதன்மேல் கோடு போட்டேன். சலீமிடம் விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் மாறிவிட்டது. "அப்ப நாம ரெண்டு பேருமே சரிதானேக்கா? உங்ககிட்ட மட்டும் ஏன் கையெழுத்து வாங்கினாங்க?" என்றான். "விடு, பழைய கதை" என்று திரையை மூடிவிட்டேன்.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். தினமும் இன்று சொல்லலாம் என்று நினைப்பேன். செங்காங்கில் இறங்கும்போது தைரியம் போய்விடும். பெற்றவள், தொழில் தெரிந்தவள், பிள்ளையிடம் போய் நீ சொன்னது சரி, நான்தான் தப்பு என்று சொல்ல வெட்கம். அந்த வெட்கத்தில் இன்னொரு தப்பும் செய்தேன். ராணுவத்தில் தேசிய சேவை முடித்துவிட்டு வந்து நீ கணிதம் படிக்கப் போகிறேன் என்றபோது, "அதப் படிச்சா என்ன வேல கிடைக்கும்?" என்று கேட்டவள் நான். கட்டுமானப் பொறியியல் டிப்ளமா கையில் இருக்கிறதே என்றேன். நீ வாதாடவில்லை. டியூஷன் எடுத்து, விண்ணப்பம் போட்டு, உன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து முதலிலிருந்து படித்தாய். எனக்குத் தெரிந்த எத்தனையோ பேர் ஒரு முறை மட்டம் தட்டினாலே ஆசையை விட்டுவிடுகிறார்கள். உன்னை உன் அம்மாவே இரண்டு முறை மட்டம் தட்டினாள். நீ விடவில்லை. பட்டத்தைவிட எனக்கு அதுதான் பெரிது.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். உன் ஆய்வைப் பற்றி எல்லோர் முன்னிலும் நீ பேசிய நாள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு ஒரு மணி நேரம் முன்னதாகவே என்னைக் கூட்டிக்கொண்டு போய் நடு வரிசையில் உட்கார வைத்தார். விளக்கைக் குறைத்தார்கள். முதல் படம் திரையில் வந்தது. உன் உயர்நிலை ஒன்று நோட்டின் பக்கம். நாலு எண்கள். குறுக்கே என் சிவப்புக் கோடு. அதை நீ வைத்திருக்கிறாய் என்றே எனக்குத் தெரியாது. எழுந்து வெளியே போய்விடலாமா என்று இருந்தது. இத்தனை பேர் முன்னால் என் மகன் என்னைப் பற்றிச் சொல்லப் போகிறான், சொல்லட்டும், எனக்கு வேண்டியதுதான் என்று கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

நீ ஆங்கிலத்தில்தான் பேசினாய். எனக்கு அது தமிழில்தான் நினைவிருக்கிறது. "இது பாசிர் ரிஸ் பக்கத்துக் கரை. பதிமூன்று வயதில் அளந்தேன். நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை, கெட்டிக்காரனாகவும் இல்லை. என் அம்மா வரைந்த படத்தின்மேல் காம்பஸை நடத்தினேன், அவ்வளவுதான். அவர் ஒரு வேரைக்கூட விடாமல் வரைந்திருந்தார். வழவழவென்று வரைந்திருந்தால் எப்படி அளந்தாலும் கிட்டத்தட்ட ஒரே எண்தான் எனக்கு வந்திருக்கும், நான் இந்தத் துறைக்கே வந்திருக்க மாட்டேன்." பிறகு நீ மேலே போய்விட்டாய். நேர்கோட்டை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கினால் பழைய கோட்டை நிரப்ப அது மூன்று வேண்டும், சதுரத்துக்கு ஒன்பது வேண்டும், பனிப்பூவின் ஓரத்துக்கு நாலு வேண்டும், ஆகவே அது கோட்டுக்கு மேலே, பரப்புக்குக் கீழே, பரிமாணம் ஒன்று புள்ளி இரண்டு ஆறு என்று விளக்கினாய். எனக்கு அந்த இடம் தெளிவாகவே புரிந்தது. ஆனால் திரை மங்கலாகத் தெரிந்தது. அப்பா கைக்குட்டையை என் மடியில் வைத்தார்.

கேள்வி நேரத்தில் முன் வரிசையில் இருந்த பேராசிரியை, முதல் படத்தில் அந்தச் சிவப்புக் கோடு என்ன என்று கேட்டார். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அது என் முதல் மதிப்பீட்டாளரின் கருத்து" என்றாய். அரங்கமே சிரித்தது. வெளியே வந்து தட்டில் கறி பஃப்பை நீட்டிக்கொண்டு, "மா, கோவமா?" என்று கேட்டாய். "இல்லடா" என்றேன். சுற்றிலும் ஆட்கள். தட்டை வாங்கிக்கொண்டேன்.

அடுத்து வந்த திங்கட்கிழமை நான் முதலாளியின் அறைக் கதவைத் தட்டினேன். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. பாசிர் ரிஸ் வேலையின் இரண்டு வரைபடங்களையும் பழைய கோப்புகளிலிருந்து எடுத்து அச்சடித்து அவர் மேசையில் விரித்தேன், அவர் அன்றைக்கு விரித்த மாதிரியே. நடுவில் உன் நாலு எண்களை வரிசையாக எழுதி, அதில் சலீமின் எண் எங்கே வருகிறது, என் எண் எங்கே வருகிறது என்று காட்டினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "அப்ப சலீமோடது தப்பா?"

"இல்ல சார். அதுவும் சரி. மிதவை வேருக்குள்ள எல்லாம் போகாது, அதுக்கு அந்த நீளம் போதும். ஓரத்துல கன்னு நடணும்னு யாராவது கேட்டிருந்தா என்னோட நீளம்தான் வேணும்."

"அப்ப எதுக்கு உன்கிட்ட லெட்டர் வாங்கினோம்?"

"அதத்தான் சார் நானும் கேக்க வந்தேன்."

பிறகு அவர் என் கோப்பை வரவழைத்தார். அந்தக் கடிதத்தை எடுத்து, அதன்மேல் "அளவில் பிழை இல்லை, கடிதம் திரும்பப் பெறப்படுகிறது" என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "மன்னிச்சிரும்மா" என்றார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. வெளியே வரும்போது, "பையன் சொல்லிக் கொடுத்தானா?" என்று கேட்டார். "பதிமூணு வயசுலயே சொன்னான் சார். நான்தான் கேக்கல" என்றேன். இப்போது எங்கள் அலுவலகத்தில் கரை வரைந்தால் நீளத்துக்குப் பக்கத்திலேயே எத்தனை மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்தோம் என்றும் எழுத வேண்டும். சலீம் அதை எல்லாக் கணினியிலும் ஒட்டி வைத்திருக்கிறான்.

கதிர், உன்னிடம் நான் நேராகக் கேட்க வேண்டிய மன்னிப்பை இங்கே கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்கு நீ சரி. நான் தப்பு. அது தப்பு என்று தெரிந்த பிறகும் இவ்வளவு காலம் வாய் திறக்காமல் இருந்தது அதைவிடப் பெரிய தப்பு. நீ போகிற இடத்தில் உன்னிடமும் மாணவர்கள் வருவார்கள். யாராவது ஒரு பிள்ளை பொருந்தாத நாலு எண்ணைக் கொண்டுவந்து நீட்டினால், எப்படி அளந்தாய் என்று முதலில் கேள். நீ களைத்துப்போய் வந்த நாளாக இருந்தாலும் கேள். அப்புறம், நீ செய்யாத தப்புக்கு உன்னிடம் யாராவது கையெழுத்துக் கேட்டால், பதில் தெரியாவிட்டாலும், எனக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்றாவது சொல். நான் அதுகூடச் சொல்லவில்லை. சாப்பாடு, தூக்கம் பற்றியெல்லாம் அப்பா தனியாகப் பட்டியல் போட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறார், அது உன் பொறுப்பு.

இன்னொன்று. உன் ஆய்வேட்டின் ஒரு பிரதியைச் சலீமிடம் கொடுத்து அச்சடித்து வாங்கினேன். காலையில் செங்காங்கில் ரயில் ஏறி லிட்டில் இந்தியாவில் இறங்கும்வரை படிக்கிறேன். ஒரு நாளைக்கு ஒன்றரைப் பக்கம் போகிறது, சில நாள் அரைப் பக்கம். புரியாத சொல்லைச் சுற்றிப் பென்சிலில் வட்டம் போட்டு வைக்கிறேன். இப்போது அறுபத்தொன்றாம் பக்கத்தில் நிற்கிறேன், நாலு நாளாக நகர முடியவில்லை. பனிப்பூவின் ஓரத்தை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் அது முடியாது என்கிறாய், சரி, அது நாம் மனதில் வரைகிற கோடு. ஆனால் உண்மையான கரையை அப்படிப் பார்த்துக்கொண்டே போனால் பாறை வரும், கூழாங்கல் வரும், கடைசியில் மணல் துகள் வரும். அந்தத் துகளையும் சுற்றி அளக்க வேண்டுமா, அங்கேயும் நீளம் கூடிக்கொண்டே போகுமா, இல்லை ஏதோ ஓர் இடத்தில் கரை முடிந்து வெறும் மணல் ஆரம்பித்துவிடுமா? நீ அங்கே போய்ச் சேர்ந்து, அறையெல்லாம் ஒழுங்குபடுத்திவிட்டு, நிதானமாகக் கூப்பிட்டுச் சொல். தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்காருகிறேன்.

அம்மா